துப்பாக்கி கடைக்கு வந்துவிட்டது, கைக்கு வரவில்லை: எங்கே சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

டாலஸ் பக்கம் பல வருடமாக இருக்கிறேன், கையில் கிரீன் கார்டு. ஆபீஸ் நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் களிமண் தட்டு சுடப் போய்ப் பழகி, இரவல் துப்பாக்கியிலேயே எத்தனை நாள் சுடுவது என்று ஒரு 12 கேஜ் ஷாட்கனை ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். பணம் கட்டியாச்சு, பெட்டி டீலர் கடைக்கு வந்தாச்சு, ஃபார்மும் நிரப்பியாச்சு. கடைக்காரர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு "டிலே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நம் ஆட்களுக்கு இந்த ஊரில் எந்த அரசாங்கத் திரையில் எது தாமதமானாலும் முதலில் வருவது இமிக்ரேஷன் பயம்தானே.

டிலே என்றால் மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தமில்லை, பதில் இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம். அது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. அப்புறம் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இதே கதையோடு போன் செய்ததால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வக்கீல் இல்லை. நான் சொல்வதில் பெரும்பகுதி ஃபெடரல் சட்டம், மீதி டெக்சாஸ் அனுபவம்.

எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்க, வண்டி போகும் வழி தெரிய வேண்டும். ஆன்லைனில் விற்பவர் துப்பாக்கியை உங்கள் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஃபெடரல் லைசென்ஸ் வைத்திருக்கும் டீலருக்குத்தான் அனுப்ப வேண்டும், எஃப்.எஃப்.எல் என்பது அந்த லைசென்ஸ்தான். டீலர் அதைத் தன் பதிவேட்டில் ஏற்றுவார், நீங்கள் நேரில் போய் 4473 என்ற ஃபார்மை நிரப்புவீர்கள், அவர் எஃப்.பி.ஐ நடத்தும் நிக்ஸ் என்ற சோதனை அமைப்பில் உங்கள் விவரத்தைக் கேட்பார். 1998 நவம்பர் 30 முதல் நடக்கும் ஏற்பாடு இது, மேற்கு வர்ஜீனியாவில் கிளார்க்ஸ்பர்க் என்ற ஊரிலிருந்து ஓடுகிறது. வரும் பதில் மூன்றில் ஒன்று: ப்ரொசீட் (கொடுக்கலாம்), டிலே (தாமதம்), டினைட் (மறுப்பு). பத்தில் ஒன்பது பேருக்குச் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும். நாம் பேசுவது அந்தப் பத்தாவது ஆளைப் பற்றி.

ட்ராக்கிங்கில் "டெலிவர்டு", கடையிலோ "இன்னும் ரெடி இல்லை"

இது எஃப்.பி.ஐ வரைக்கும் போகவே இல்லை, கடையின் பின்னறையில் நிற்கிறது. பெரும்பாலும் பெட்டிக்குள் உங்கள் பெயரே இருக்காது. அனுப்பியவர் பில்லைப் போட மறந்திருப்பார், அல்லது அவருடைய லைசென்ஸ் நகலைச் சேர்த்திருக்க மாட்டார். ஒரே நாளில் ஏழெட்டுப் பெட்டி வரும் கடையில் யாருடையது என்று தெரியாத பெட்டி ஓரமாக உட்கார்ந்துவிடும். ஆர்டர் எண், உங்கள் பெயர், அனுப்பிய கடை, மாடல் நான்கையும் ஒரே ஈமெயிலில் டீலருக்கு அனுப்புங்கள். போனில் சொன்னால் எடுத்தவர் துண்டுச் சீட்டில் எழுதுவார், அந்தச் சீட்டு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

டீலரின் லைசென்ஸ் நகல் விற்பவரிடம் போய்ச் சேராததால் பெட்டி கிளம்பவே இல்லை என்பதும் உண்டு. "ப்ராசஸிங்" என்று நாலைந்து நாள் அசையாமல் நின்றால் முதலில் இதைக் கேளுங்கள். வீட்டிலிருந்தே டீலர் தொழில் செய்பவர்களும் இருக்கிறார்கள், கட்டணம் குறைவு, ஆனால் பகலில் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். வயது வந்த ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய பார்சல் ஆள் இல்லாமல் திரும்பிப் போய்விடும்.

கவுண்டரிலேயே ஃபார்ம் நிற்கிறது

தமிழர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் பெயர். இந்தியப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் நம் பெயர் முழுவதும் சர்நேம் இடத்துக்கு நகர்ந்து, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அந்த மூன்றெழுத்து அப்படியே டிரைவிங் லைசென்ஸ் வரை தொற்றிக்கொண்டு வந்து, டாக்டர் ஆபீசில் நம்மை "ஃப்னூ" என்று கூப்பிடுவார்கள். இன்னொரு வகை, அப்பா பெயர் ஒரு இடத்தில் இனிஷியலாகவும் இன்னொரு இடத்தில் முழுப் பெயராகவும் இருப்பது. கிரீன் கார்டில் ஒன்று, லைசென்சில் ஒன்று, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் ஒன்று என்று மூன்று அட்டையில் மூன்று மனிதர்களாக வாழ்கிறோம். கம்ப்யூட்டருக்கு இந்தக் குடும்ப வழக்கம் தெரியாது.

4473 கேட்பது உங்கள் சட்டப்படியான முழுப் பெயரை. நடுப் பெயர் இல்லையென்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல் என்.எம்.என் என்று எழுத வேண்டும். பெயரில் ஒரு பகுதி வெறும் இனிஷியல்தான் என்றால் அதன் பக்கத்தில் ஐ.ஓ என்று போட வேண்டும், இனிஷியல் மட்டுமே என்று அர்த்தம். இது ஃபார்மின் குறிப்பிலேயே இருக்கிறது, யாரும் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. அட்டைகளுக்குள் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் பேனாவை எடுக்கும் முன்பே கடைக்காரரிடம் காட்டி எப்படி எழுதுவது என்று கேட்டுவிடுங்கள். முடிந்தால் லைசென்சை முதலில் சரி செய்துகொண்டு போங்கள், அதுதான் நிரந்தர வைத்தியம்.

அடுத்தது பிறந்த தேதி. என் பிறந்தநாள் ஏப்ரல் 12. ஸ்கூலில் பழகிய கை, 12/04 என்று எழுதிவிட்டது. அமெரிக்கக் கணக்கில் அது டிசம்பர் 4. கடைக்காரப் பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு லைசென்சையும் ஃபார்மையும் மாறி மாறிப் பார்த்தார், பேனா முனையால் அந்தக் கட்டத்தை இரண்டு முறை தட்டினார். அதைக் கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் அன்றைய தேதியும் போட வேண்டியிருந்தது. அவர் பார்க்கவில்லை என்றால் வேறு யாரோ ஒருவரின் பிறந்த தேதியில் என் சோதனை போயிருக்கும். 12-ஆம் தேதிக்கு மேல் பிறந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, 13-வது மாதம் கிடையாது என்பதால் தப்பு உடனே தெரிந்துவிடும்.

உயரம் அடி அங்குலத்தில், எடை பவுண்டில். 72 கிலோ என்பது சுமார் 159 பவுண்டு. தெரிந்தவர் ஒருவர் அவசரத்தில் வெறும் 72 என்று எழுதினார், அவ்வளவு எடையில் இங்கே பத்து வயதுப் பையன்கள்தான் இருப்பார்கள். பிறந்த இடத்துக்கு, அமெரிக்காவில் பிறக்காதவர்கள் நாட்டின் பெயரை எழுதினால் போதும், மாயவரமா மயிலாடுதுறையா என்ற விவாதமெல்லாம் அங்கே வேண்டாம். கவுண்டியையும் தெரிந்துகொண்டு போங்கள். ஃப்ரிஸ்கோவில் இருக்கிறேன் என்றால் போதாது, அந்த ஊர் காலின் கவுண்டியிலும் கிடக்கிறது டென்டன் கவுண்டியிலும் கிடக்கிறது.

முகவரி நிஜமாகவே கதவைச் சாத்திவிடும். லைசென்சில் பழைய அபார்ட்மென்ட் முகவரி இருந்தால் கடைக்காரர் சோதனையை ஆரம்பிக்கவே முடியாது. அரசாங்கம் கொடுத்த வேறொரு காகிதத்தில் இப்போதைய முகவரி இருந்தால் இரண்டையும் சேர்த்துக் காட்டலாம். வண்டியின் ரிஜிஸ்ட்ரேஷன் நல்ல உதாரணம். தனியார் கம்பெனி கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம் எல்லாம் எடுபடாது. வீடு மாறிய 30 நாளுக்குள் லைசென்சில் முகவரியை மாற்ற வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம், நம்மில் பாதிப் பேர் அடுத்த ரினியூவல் வரை இழுப்போம். போஸ்ட் பாக்ஸ் எண்ணை முகவரியாகப் போட முடியாது.

சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயமில்லை என்று ஃபார்மிலேயே இருக்கும். அதனால் பலர் எழுதுவதில்லை. நான் எழுதச் சொல்வேன். ஒரே பெயரில் ஆயிரம் குமார்கள் இருக்கும்போது உங்களைத் தனியாகப் பிரித்துக் காட்ட அந்த ஒன்பது இலக்கம் உதவும்.

திரையில் "டிலே" என்றே வந்துவிட்டது

உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஏதோ ஒரு பதிவோடு ஓரளவு பொருந்துகிறது, அது நீங்கள்தானா, நீங்கள் என்றாலும் அது தடை செய்யும் விஷயம்தானா என்று ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான டிலேயின் உள்விஷயம். பல வருடம் முன்பு கைதாகி வழக்கு தள்ளுபடியானவர்களுக்கும் இது வரும். கைதான பதிவு இருக்கும், தீர்ப்பு என்ன ஆனது என்பது மட்டும் பதிவேறாமல் ஏதாவது ஒரு கவுண்டி கோர்ட்டில் காகிதமாகக் கிடக்கும். எஃப்.பி.ஐ ஆள் அந்தக் கோர்ட்டைக் கேட்டு, அவர்கள் தேடி எடுத்துப் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் குடிமகன் இல்லாதவர்களுக்கு இமிக்ரேஷன் பதிவையும் தனியாகக் கேட்பார்கள். கிரீன் கார்டில் இருக்கும் யு.எஸ்.சி.ஐ.எஸ் எண்ணை ஒரு இலக்கம் தப்பில்லாமல் எழுதுவது அதனால்தான் முக்கியம். கார்டை வீட்டில் வைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு விஷயம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, என்.டி.என் என்று சொல்லும் உங்கள் சோதனை எண். இன்னொன்று, எந்தத் தேதியில் கடை சட்டப்படி துப்பாக்கியைக் கொடுக்கலாம் என்ற தேதி. அப்புறம் நிலவரம் கேட்க வேண்டியது கடைக்காரரிடம்தான், தினமும் வேண்டாம்.

அந்தத் தேதியைக் கணக்குப் போடுவதில் எல்லோரும் சண்டை பிடிப்பார்கள். விதி மூன்று வேலை நாள். சோதனை போட்ட நாள் கணக்கில் வராது, சனி ஞாயிறு வராது, மாநில அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும் நாளும் வராது. வியாழக்கிழமை டிலே ஆனால் வெள்ளி ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று, அதற்கு மறுநாள் புதன்கிழமை. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின புதன்கிழமை டிலே ஆனால்? டெக்சாஸில் வியாழனும் வெள்ளியும் அரசு விடுமுறை, அதனால் அடுத்த வாரம் வியாழக்கிழமைதான். "மூன்று நாள் என்றார்கள், எட்டு நாள் ஆகிவிட்டது" என்று கத்துபவர் காலண்டரைப் பார்க்கவில்லை. அந்த வாரத்தில் கூட்டமும் அப்படி, 2017-ல் பிளாக் ஃப்ரைடே அன்று ஒரே நாளில் நிக்ஸுக்குப் போன சோதனைகள் 2,03,086.

21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2022-ல் வந்த சட்டத்தால் கணக்கு வேறு. மைனராக இருந்தபோது ஏற்பட்ட பதிவுகளையும் பார்ப்பார்கள், மேலும் விசாரிக்கக் காரணம் இருந்தால் பத்து வேலை நாள் வரை போகும். காலேஜ் படிக்கும் பையன் முதல் ரைஃபிள் வாங்கப் போகிறான் என்றால் வேட்டை சீசனுக்கு முந்தின வாரம் போகாமல் ஒரு மாதம் முன்பே போகச் சொல்லுங்கள்.

மூன்று நாள் முடிந்தது, கடைக்காரர் தரமாட்டேன் என்கிறார்

அவருக்கு அந்த உரிமை உண்டு. மூன்று வேலை நாள் முடிந்தும் பதில் வராவிட்டால் கடை கொடுக்கலாம் என்றுதான் ஃபெடரல் சட்டம் சொல்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பச்சை விளக்கு வராமல் தருவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கும் கடைகள் உண்டு. அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன், இப்படி டிலே ஆகி மூன்று நாள் கழிந்ததால்தான் துப்பாக்கியை வாங்கிப் போயிருந்தான். அவனைத் தடுத்திருக்க வேண்டிய போதைப்பொருள் வழக்குப் பதிவு சோதிப்பவர் கைக்கு நேரத்தில் கிடைக்கவில்லை. அதைத் தெரிந்த கடைக்காரரிடம் போய் "சட்டப்படி கொடு" என்று மேசையைத் தட்டினால் என்ன நடக்கும்? என்னால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று, இதைப் பணம் கட்டும் முன்பே கேட்டிருக்க வேண்டும். "டிலே ஆனால் உங்கள் கடை வழக்கம் என்ன?" என்று டீலர் வாங்கும் டிரான்ஸ்ஃபர் கட்டணம் எவ்வளவு எனக் கேட்கும்போதே கேளுங்கள், நான் இப்போதெல்லாம் கட்டணத்துக்கு முன்னால் இதைத்தான் கேட்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு யோசனை எல்லோருக்கும் வரும்: மனைவி பெயரில் வாங்கிவிட்டால்? வேண்டவே வேண்டாம். உண்மையில் வாங்குவது நீங்களா என்பது ஃபார்மின் முக்கியமான கேள்வி. உங்களுக்காக அவர் கையெழுத்துப் போட்டால் அது ஃபெடரல் குற்றம், 10 வருடம் வரை சிறை, நீங்கள் துப்பாக்கி வாங்கத் தடை உள்ளவர் என்று தெரிந்தே செய்தால் 2022 சட்டப்படி 15 வருடம் வரை. டிலே ஆனவர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகும், இந்தக் குறுக்கு வழியில் போனால் இரண்டு பேருக்கும் கேஸ்.

எஃப்.பி.ஐ டிலே இல்லை, ஆனாலும் "பத்து நாள் கழித்து வா" என்கிறார்கள்

அது காத்திருப்புக் காலம், மாநிலச் சட்டம். கலிபோர்னியாவில் பத்து நாள், ஃப்ளோரிடாவில் மூன்று நாள், இல்லினாயில் 72 மணி நேரம். உங்கள் பதிவு பளிங்கு போல் இருந்தாலும் காத்திருக்க வேண்டும், சண்டை போட்டுப் பயனில்லை. டெக்சாஸில் அப்படி இல்லை. இங்கே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்வதற்கான லைசென்ஸான எல்.டி.சி வைத்திருப்பவர்கள் கடையில் நிக்ஸ் சோதனையே இல்லாமல் வாங்கலாம், ஃபார்ம் மட்டும் நிரப்ப வேண்டும்.

எச்-1பி, எஃப்-1 ஆட்களுக்கு

கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ ஃபெடரல் சட்டத்தில் பொதுவாகத் தடை. விதிவிலக்குகள் உண்டு, நம் ஆட்கள் பயன்படுத்துவது செல்லுபடியாகும் மாநில வேட்டை லைசென்ஸ். இதில் ஒரு பொறி இருக்கிறது. டெக்சாஸின் வழக்கமான வேட்டை லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். ஆகஸ்ட் கடைசி வாரம் ஃபார்ம் நிரப்பி, டிலே ஆகி, செப்டம்பரில் எடுக்கப் போனால் உங்கள் கையில் இருப்பது காலாவதியான லைசென்ஸ், கடைக்காரர் தரமாட்டார். வாங்கியதோடு முடிவதில்லை, வீட்டில் துப்பாக்கி இருக்கும் வரை லைசென்சும் உயிரோடு இருக்க வேண்டும். விசாவில் இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காவது இமிக்ரேஷன் வக்கீலுக்கு ஒரு மணி நேரக் காசு கொடுங்கள்.

ஒவ்வொரு முறையும் டிலே

ஒரு முறை டிலே ஆகிச் சரியானால் அடுத்த முறையும் ஆகாது என்று நினைக்காதீர்கள். ப்ரொசீட் ஆனவர்களின் அடையாள விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பது சட்டம், யார் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் அரசிடம் சேரக்கூடாது என்பதற்காக. நல்ல எண்ணம்தான், ஆனால் போன முறை அரை நாள் செலவழித்து "இந்த ஆள் அந்த ஆள் இல்லை" என்று கண்டுபிடித்ததும் சேர்ந்தே அழிந்துபோகும்.

இதற்கு மருந்து வி.ஏ.எஃப். நீங்களாகவே விருப்பப்பட்டு உங்கள் கைரேகையையும் விவரங்களையும் எஃப்.பி.ஐயிடம் கொடுத்து, இவற்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுமதிக்கிறீர்கள். ஏற்றுக்கொண்டால் யூபின் என்ற தனி எண் வரும், அடுத்த முறை 4473-ல் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் எழுத வேண்டும். எனக்கு வந்து சேரச் சில மாதம் ஆனது. அதற்கப்புறம் வாங்கிய .22 ரைஃபிளுக்குக் கடைக்காரர் காபி கலக்கி முடிப்பதற்குள் ப்ரொசீட் வந்துவிட்டது. கைரேகையை அரசிடம் கொடுப்பதில் உடன்பாடில்லாதவர்கள் ஒவ்வொரு முறையும் மூன்று நாள் காத்திருக்கலாம், அதுவும் ஒரு வழிதான். கிரீன் கார்டுக்காகக் கைரேகை கொடுத்த நமக்கு ஒளிக்க என்ன இருக்கிறது.

ஊருக்குப் போய்விட்டு வந்தேன், முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார்கள்

சோதனை போட்ட நாளிலிருந்து 30 நாள்தான் அதற்கு உயிர். இதில் காலண்டர் நாள்தான் கணக்கு, சனி ஞாயிறும் சேரும். டிலே ஆனதே என்று வெறுத்துப்போய் தங்கை கல்யாணத்துக்குச் சென்னை போய், ஐந்து வாரம் கழித்து வந்து கேட்டால், ப்ரொசீட் எப்போதோ வந்து காலாவதியும் ஆகியிருக்கும். புதிதாகச் சோதனை போட வேண்டும், அது மறுபடியும் டிலே ஆகலாம். டிக்கெட் போட்டுவிட்டீர்கள் என்றால் ஃபார்மைத் திரும்பி வந்த பிறகு நிரப்புங்கள், பெட்டி அங்கேயே இருக்கட்டும். சில கடைகள் வைத்திருப்பதற்கு வாடகை கேட்கும், அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிலே போய் டினைட் வந்துவிட்டது

இதற்கு மேல் கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. வேறு கடைக்குப் போய் முயற்சி செய்யாதீர்கள், அங்கேயும் அதே எஃப்.பி.ஐதான். டினைட் ஆன தகவல் உள்ளூர் போலீசுக்கும் போகும். என்.டி.என் எண்ணை வைத்து எஃப்.பி.ஐயிடம் காரணம் கேட்டு மேல்முறையீடு செய்யலாம். வேறொருவர் பதிவு உங்கள் மேல் ஏறியிருந்தால் கைரேகை அதைத் தீர்த்துவிடும். கஞ்சா சட்டப்படி செல்லும் மாநிலத்தில்தான் இருக்கிறேன் என்பவர்கள் ஃபார்மில் அந்தக் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள், மாநிலம் என்ன சொன்னாலும் ஃபெடரல் சட்டத்தில் அது தடைதான் என்று அங்கேயே எழுதியிருக்கும்.

மூன்று நாள் கழித்துக் கடை கொடுத்த பிறகு தாமதமாக டினைட் வருவதும் உண்டு. அப்போது துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் ஃபெடரல் துறையான ஏ.டி.எஃப் ஆட்கள் துப்பாக்கியைத் திரும்பப் பெற வருவார்கள். வாதாடாமல் கொடுத்துவிட்டு, மேல்முறையீட்டைக் காகிதத்தில் செய்யுங்கள்.

பச்சை விளக்கு வந்தாச்சு, எடுக்கப் போகும் நாள்

அதே லைசென்ஸ், கிரீன் கார்டு, முகவரிக்குக் காட்டிய காகிதம் எல்லாவற்றையும் மறுபடியும் கொண்டுபோங்கள். ஃபார்ம் நிரப்பிய நாள் வேறு, எடுக்கும் நாள் வேறு என்றால் முதல் நாள் சொன்ன பதில்கள் இன்றும் உண்மைதான் என்று இன்னொரு கையெழுத்து வேண்டும், அதனால் மச்சானை அனுப்பி வாங்கி வரச் சொல்ல முடியாது. பெட்டியைத் திறந்து சீரியல் எண்ணை ஃபார்மோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மாடலும் ஆர்டர் போட்டதுதானா என்று அங்கேயே பாருங்கள். வெளியே எடுத்துப் போய்விட்டால் அது உங்களுடையது, பெரும்பாலான கடைகள் திரும்ப வாங்காது.

நான் போன அன்று அந்தப் பெரியவரே இருந்தார். இரண்டாவது கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தேதி எழுதப் போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பேனா முனையால் கட்டத்தை இரண்டு முறை தட்டினார். மாதத்தை முதலில் எழுதினேன்.